பதினேழு கைத்திருத்தங்கள்

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு. எடுக்க முடியாது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை மருத்துவரே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு என் காதருகே பிடித்துக்கொண்டார். மேலாளர் குரல்: "மேடம், ஏழாம் நம்பர் மெஷின் நின்னுபோச்சு." நான் "ஆ… ஆங்… ஆ" என்றேன். "புரிஞ்சுது மேடம், ரீஸ்டார்ட் பண்ணிடறோம்" என்று வைத்துவிட்டார். நான் சொன்னது அதில்லை. ஆனால் இயந்திரம் எழுந்துகொண்டது.

வீட்டில் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பல்லை ராவிக்கிட்டிருக்கும்போதும் விடமாட்டாங்களா?" இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இவர் கையில் நாற்பது லிஃப்ட். என் கையில் நாற்பத்தொரு சர்வர். "என் லிஃப்டையெல்லாம் இன்னும் அஞ்சு பேருக்குத் தெரியும்" என்றார். குத்தல்தான். உண்மையும்தான்.

மார்ச் 7, வெள்ளி

பொருந்திவிட்டது.

மூன்று மாதமாக ஊசி, ஸ்கேன், கேள்வி, மறுபடி ஊசி. என் இடது சிறுநீரகம் தம்பிக்கு ஆகும் என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளர் காலையில் அழைத்துச் சொன்னார். ஜூன் பத்தாம் தேதி அறுவை சிகிச்சை.

"வேலையில ஆறு வாரம் லீவ் கிடைக்குமா? என்ன வேலை பாக்கறீங்க?"

பரிசோதனைக் கூடங்களில் எடுக்கும் இரத்த ரிப்போர்ட்களை மருத்துவமனைகளின் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நிறுவனம் என்றேன். அதற்காகக் கிளவுடில் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது நான்.

"அட, எங்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் உங்க வழியாத்தான் வருது! உங்களைத் தவிர வேற யாரு பாக்கறாங்க?"

யாருமில்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் நானே போய், நானே தட்டச்சு செய்து, நானே நிமிர்த்தி நிறுத்தியவை. எது எப்படி இருக்கிறது என்பது பாதி ஒரு நோட்டில், மீதி என் மண்டையில்.

தம்பி மதியம் பேசினான். "அக்கா, உன் கிட்னி உள்ள வந்தா நானும் உன்னை மாதிரி காய்கறி லிஸ்ட்டுக்கெல்லாம் நம்பர் போட ஆரம்பிச்சுடுவேனா?" சிரித்தோம். பிறகு, "நிஜமாவே குடுக்கிறியா?"

"நிஜமாத்தான்டா."

மார்ச் 10, திங்கள்

எங்கள் மேலாளருக்கு ஆபீசில் 'ஆகட்டும்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் வரும். இன்றும் முதலில் வந்தது. "நல்ல காரியம் மேடம், ஆகட்டும், ஆகட்டும். எத்தனை நாள்?"

"ஆறு வாரம். போனும் எடுக்க மாட்டேன்."

அவர் வாயில் ஆகட்டும் வராமல் போனதை இன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "நாலு வருஷமா சொல்றேனே மேடம், எல்லாத்தையும் எழுத்துல கொண்டு வந்துடலாம்னு."

சொன்னார்தான். எங்கள் தொழிலில் இப்போது எல்லாரும் செய்வது. இயந்திரத்துக்குள் கையை விடாமல், 'என்னிடம் இன்னின்னது இப்படி இப்படி இருக்க வேண்டும்' என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டியது. ஒரு மென்பொருள் அதைப் படித்து, இருப்பதோடு ஒப்பிட்டு, இல்லாததைத் தானே கட்டும், கோணலை நேராக்கும். அந்தக் கோப்பு இருந்தால் நான் தேவையில்லை.

நாலு வருடமாக ஏன் தள்ளிப்போட்டேன்? நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் மறைக்க, இது என் டைரி. போன் அடிக்கும்போதெல்லாம் எரிச்சலாகவும் இருக்கும், உள்ளுக்குள் இனிப்பாகவும் இருக்கும். அந்த இனிப்புதான் காரணம்.

மார்ச் 19, புதன்

எனக்குத் துணையாக வாடிக்கையாளர் பிரிவிலிருந்து 'நிதானம்' வந்திருக்கிறார். பதினோரு வருடம் தொலைபேசியில் மருத்துவமனைகளின் திட்டு வாங்கியவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கத்துகிறவர்களிடமும் ஒரு சொல், ஒரு மூச்சு, அடுத்த சொல் என்று பேசுவதால் அந்தப் பெயர். போன வருடம் மாலை வகுப்பில் சேர்ந்து நிரல் எழுதக் கற்றிருக்கிறார். யாருக்கும் தெரியாது.

எனக்கு அவரிடம் பொறுமை இல்லை. ஒரு இயந்திரத்துக்கான கோப்பை எழுதச் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல எழுதுவார் என்று நினைத்தேன். வரிக்கு வரி கேட்கிறார்.

"இந்த போர்ட், வெளியிலேர்ந்து டேட்டா வர்ற இந்தக் கதவு, ஏன் திறந்திருக்குதுங்க?"

"பழைய பரிசோதனைக் கூடம் ஒண்ணு அந்த வழியாத்தான் அனுப்பும்."

"அவங்க நம்மள விட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சே. கடைசி போனை நான்தான் எடுத்தேன்."

மூடினோம். மூன்று வருடமாகத் திறந்து கிடந்த கதவு. எவனும் நுழையாதது நம் அதிர்ஷ்டம்.

மார்ச் 28, வெள்ளி

மூன்று முடிந்தது. முப்பத்தெட்டு பாக்கி. மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்: இந்த வேகத்தில் போனால் முடிய ஜூலை ஆகுமாம். வாயை வைக்கிறாள்!

ஏப்ரல் 11, வெள்ளி

மகள் கணக்குப் பொய்த்தது. ஒரே மாதிரி இயந்திரங்களுக்கு ஒரே கோப்பு போதும் என்பதால் மிச்சமெல்லாம் ஓட்டமாக ஓடியது. இன்று முதல் ஒத்திகை. உண்மையானதைத் தொடாமல், பக்கத்தில் இன்னொரு முழு அமைப்பை வெறுமையிலிருந்து கோப்புகளை மட்டும் வைத்துக் கட்டவேண்டும். பொத்தானை அழுத்தினேன். திரையில் வரிவரியாக ஓடியது. ஒவ்வொரு இயந்திரமாகக் கண் விழிப்பதைப் பார்க்க என்ன சுகம்! ஆகட்டும் சார் மிட்டாய்ப் பெட்டியோடு வந்துவிட்டார்.

மாதிரி ரிப்போர்ட் ஒன்றை எடுத்தோம். நிதானம் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இங்க ஏன் கட்டம் கட்டமா இருக்குதுங்க?"

எண்களெல்லாம் சரி. எண்ணுக்குப் பக்கத்தில் அளவைக் குறிக்கும் 'µ' என்ற எழுத்து வரவேண்டிய இடத்தில் எல்லாம் வெற்றுக் கட்டம். மைக்ரோ, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கும் எழுத்து அது. அது இல்லாமல் ஒரு மருத்துவர் என்னவென்று படிப்பார்? மில்லி என்று நினைத்து ஆயிரம் மடங்கு தப்பாகப் படித்தால்?

மிட்டாய்ப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. நான்தான். ஆறு வருடம் முன்னால் இதே கட்டப் பிரச்சினை வந்தது. இவருடைய அக்கா கல்யாண நாள் விருந்தில் இருந்தேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எழுத்துரு ஒன்றைக் கையாலேயே ஏற்றிச் சரிசெய்தேன். நோட்டில் எழுதவில்லை. பாயசம் ஆறிவிடும் என்று ஓடிவிட்டேன்.

அப்படி இன்னும் எத்தனை இருக்கும்? அய்யோ. எத்தனை செஞ்சேன், எங்கெங்க செஞ்சேன், ஒண்ணும் ஞாபகமில்லையே. மண்டையில இருக்கு மண்டையில இருக்குன்னு ஒன்பது வருஷமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மண்டையில ஒண்ணுமே இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நான் எழுதிய கோப்பு முழுமையில்லை. காரணம், நானே மறந்துபோன கைத்திருத்தங்கள். எத்தனை என்று எனக்குத் தெரியாது. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

நிதானம் மட்டும் பேசினார். "அதனால என்னங்க? மனுஷி மறந்துட்டா மெஷினைக் கேட்போம். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எதெது வேறன்னு பாத்தா போச்சு."

அவ்வளவுதான் விஷயம். எனக்கு ஏன் தோன்றவில்லை? வெட்கப்பட்டுக்கொண்டிருந்ததில் மூளை வேலை செய்யவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினேழு.

பதினேழு இடத்தில் என் கைரேகை. ஒரு இயந்திரத்தில் 'இதைத் தொடாதே' என்ற பெயரில் ஒரு கோப்பு. அதை ஏன் தொடக்கூடாது என்று எழுதி வைக்கவில்லை புண்ணியவதி. இரண்டு நாள் பயந்து பயந்து பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரே வரி, பழைய அச்சு இயந்திரத்தின் முகவரி. அந்த அச்சு இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. நிதானம் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துப் புரையேறிக்கொண்டார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அதை அழித்தோம்.

எழுத்துரு உட்படத் தேவையானவை பதினொன்று. பதினொன்றும் கோப்பில் ஏறிவிட்டன.

ஏப்ரல் 30, புதன்

தம்பிக்கு டயாலிசிஸ் நாள். வழக்கமாக அவன் மனைவி உட்காருவாள், இன்று நான். அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பதினான்கு மாதமாக வாரத்தில் மூன்று நாள் கடை அடைப்பு. கையில் இரண்டு குழாயோடு படுத்துக்கொண்டு, எதிர்ப்படுக்கைக்காரரிடம் தூரத்து அறிவிப்புப் பலகையைப் படிக்கச் சொல்லி, "உங்களுக்கு வலது கண்ணுல பவர் கூடியிருக்கு சார், கடைக்கு வாங்க" என்கிறான். எங்கே போட்டாலும் முளைப்பான்.

என் பதினேழைச் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஆபரேஷன்ல உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகாதுடா. டாக்டர் சொன்னாரில்ல?"

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா உன்னைத் திட்ட வேற ஆள் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போவேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. அதற்காகக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

மே 16, வெள்ளி

கடைசி ஒத்திகை. நிபந்தனை போட்டது நிதானம்: "நீங்க அறையில இருக்கக்கூடாதுங்க. இருந்தா நான் உங்க மூஞ்சியைப் பாத்துப் பாத்துச் செய்வேன்."

வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றினேன். ஆறு சுற்று. காவலாளி, "ஏதாவது தொலைச்சுட்டீங்களாம்மா?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டாவது நிமிடம் மாடி ஜன்னலைத் திறந்து ஆகட்டும் சார் ஒரு ரிப்போர்ட்டைத் துண்டு போல ஆட்டினார். ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். µ. அழகாக, வால் நீட்டி, இருக்க வேண்டிய இடத்தில்.

பிற்பகலில் என் தனிச் சாவியை ரத்து செய்தோம். இனி யாரும் எந்த இயந்திரத்துக்குள்ளும் கையை விட முடியாது. மாற்ற வேண்டியதைக் கோப்பில் எழுதி, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மாறும். எனக்கும் அதுதான் சட்டம். என் பாஸ்வேர்டை நானே செல்லாததாக்கியபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்தியது.

ஜூன் 1, ஞாயிறு

நாள் முழுக்க மகளோடு அவள் நீச்சல் உடைக்குக் கடை கடையாக அலைந்தேன். கால் வலி. நல்ல வலி.

ஜூன் 9, திங்கள்

மருத்துவமனை. மூன்றாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. தம்பி அதே மாடியில் கோடி அறையில். மாலையில் இருவரும் நடைபாதையில் ஆஸ்பத்திரிச் சட்டையோடு உலாத்தினோம். "ரெண்டு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம். அம்மா இருந்திருந்தா போட்டோ எடுத்திருப்பா" என்றான்.

போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"கேட்டா குடுப்பேன். உன் போன் அது. நீதான் கேக்காம இருக்கணும்."

ஜூன் 11, புதன்

முடிந்தது. வலி. தம்பிக்கு உடனே சிறுநீர் வந்துவிட்டதாம். ஒரு குடும்பமே சிறுநீருக்காக இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 14, சனி

வியாழக்கிழமை நடந்ததை இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

காலை பத்து மணி இருக்கும். தம்பி மனைவி வந்தாள். "அண்ணி, அவரோட காலை ரிப்போர்ட் இன்னும் வரலை. கிரியேட்டினின் எவ்வளவுன்னு பாத்துட்டுத்தான் மருந்து அளவு மாத்தணும்னு டாக்டர் நிக்கிறார்." வழக்கமாக எட்டரைக்கு வந்துவிடும். பின்னாலேயே நர்ஸ்: "எந்த வார்டுலயும் வரலைங்க. சிஸ்டமே போயிடுச்சாம்."

எந்த சிஸ்டம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா?

இவர் என்னைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போயிற்று. "வேணுமா?"

வேணும். வேணும்னுதான் இருந்துச்சு. உடம்பு முழுக்க வேணும் வேணும்னு அடிச்சுக்கிச்சு. என் கிட்னி வேலை செய்யுதான்னு சொல்ற எண் என் மெஷின்லேயே மாட்டிக்கிட்டுக் கிடக்குது. நான் இங்க தையல் போட்ட வயித்தோட மல்லாந்து கிடக்கிறேன்.

ஆனால் போனை வாங்கி என்ன செய்வேன்? சாவி செல்லாது. நிதானத்தை அழைத்து அவரைப் பதற வைப்பதைத் தவிர என்னால் ஆவது ஒன்றுமில்லை.

"வேண்டாம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. முதலில் வலையமைப்பு எழும். அதன்மேல் காவல் வாயில்கள். பிறகு தரவுத்தளம், அதுதான் நேரமெடுக்கும், அவசரப்படுத்தக்கூடாது. கடைசியில் ரிப்போர்ட் எழுதும் நான்கு இயந்திரங்கள். ஒவ்வொன்றாக மனத்தில் எழுப்பிக்கொண்டே கிடந்தேன். இவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணி தாண்டியதும் தம்பி மனைவி ஓடிவந்தாள். "அண்ணி, வந்துடுச்சு! இருநூத்து முப்பத்தாறு! எண்ணூத்துச் சொச்சத்துல இருந்து!"

நான் கேட்டேன்: "எண்ணுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? கட்டமா, எழுத்தா?"

அவள் பயந்துபோய் இவரைப் பார்த்தாள். "வலி மருந்தா அண்ணா?"

"நீ பாத்துச் சொல்லும்மா, அவ தெளிவாத்தான் இருக்கா" என்றார் இவர்.

வார்டுத் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். என் கண்ணருகே பிடித்தாள். 236 µmol/L.

அழுதேன். அழுதால் தையல் இழுக்கிறது. அழுகையை நிறுத்தவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நல்ல கூத்து.

ஜூன் 18, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. மாலையில் நிதானம் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் ஒரு பை. அரை மணி உடல்நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தார். நிதானம்!

கிளவுட் நிறுவனத்தின் கட்டடத்தில் குளிர்சாதனம் நின்று, எங்கள் பகுதி முழுவதும் அணைந்துவிட்டது. தரவின் நகல் வேறொரு ஊரில் பத்திரம். ஆனால் இயந்திரம் நாற்பத்தொன்றும் போச்சு. எப்போது சரியாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, மொத்தத்தையும் அந்த வேறு ஊரிலேயே புதிதாகக் கட்டிவிட்டார்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து ஐம்பத்தாறு நிமிடம்.

"என்னைக் கூப்பிடத் தோணலையா?" கேட்டுவிட்டேன். குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்தது, மறைக்க மாட்டேன்.

"சார் கேட்டாருங்க. நான் வேண்டாம்னுட்டேன். உங்களைக் கூப்பிட்டா அப்புறம் எல்லாத் தடவையும் கூப்பிடுவோம்." ஒரு மூச்சு. "எட்டாவது நிமிஷம் ஒரு பிழை வந்துச்சு. ஒரே ஒரு இடத்துல பழைய ஊர்ப் பேரை மாத்த முடியாதபடி எழுதியிருந்துச்சு."

"யாரு அப்படி எழுதினது?"

ஆரஞ்சை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நானேதான்.

இவர் பக்கத்து அறையிலிருந்து சிரித்தார்.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் மனசு ஒரு மாதிரி இருந்தது. வேண்டாதவள் ஆகிவிட்டேனா? பிறகு யோசித்தால், அந்த ஐம்பத்தாறு நிமிடத்தில் ஓடிய ஒவ்வொரு வரியும் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுச் சண்டை போட்டு எழுதியது. கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு வாசனை. தூக்கம் வருகிறது.

ஜூலை 5, சனி

தம்பி வீடு வந்து சேர்ந்தான். கிரியேட்டினின் நூற்றுப் பதினெட்டு. கூட்டம் கூடாது, முகமூடி போடணும், மாத்திரைப் பட்டியல் ஒரு முழ நீளம். 'கட்டமா, எழுத்தா' கதையை அவன் மனைவி நடித்துக் காட்டினாள்.

"கண் பரிசோதனை என் தொழில்க்கா. மயக்கத்துல படுத்துக்கிட்டு என் பொழைப்புலயும் கை வைக்கிறியே!"

சிரிக்காதே என்றால் கேட்கிறானா? என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கெஞ்ச, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் சிரிக்க. மருத்துவர் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் மறுபடி படுக்க வைத்திருப்பார்.

ஜூலை 28, திங்கள்

வேலைக்குப் போனேன். என் மேசையில் தூசி இல்லை, குவியல் இல்லை. ஏழு வாரத்தில் முப்பத்தொரு மாற்றம் நடந்திருக்கிறது; ஒவ்வொன்றும் யார் எழுதியது, யார் பார்த்தது என்று கோப்பிலேயே இருக்கிறது. காலை முழுவதும் கதைப் புத்தகம் போலப் படித்தேன். அவசர அழைப்புக்கு இப்போது நாலு பேர் முறை வைத்திருக்கிறார்கள். என் முறை நாலு வாரத்துக்கு ஒன்று.

ஆகட்டும் சார், "கனமா எதையும் தூக்கக்கூடாதாமே மேடம்" என்று என் தண்ணீர்ப் புட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று ஒரு மாற்றம் எழுதினேன். திங்கள்கிழமை காலைகளில் ரிப்போர்ட்கள் குவிகின்றன. அதனால் ரிப்போர்ட் இயந்திரம் நான்கை ஆறாக்கலாம் என்று. ஒரே எண்ணைத் திருத்தும் வேலை. பார்வைக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் நிதானம் திருப்பி அனுப்பிவிட்டார். 'திங்கள் காலை மட்டும்தானே நெரிசல்? வாரம் முழுக்க ஆறு எதற்கு? திங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை மட்டும் கூட்டி, பிறகு தானே குறையும்படி எழுதலாமே.'

சுருக்கென்றது. ஒன்பது வருடம் பார்த்தவளுக்கு இது தெரியாதா என்று எழுதி, அழித்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தால், அவர் சொல்வதுதான் சரி. மெனக்கெட்டு மாற்றி எழுத ஒன்றரை மணி ஆயிற்று. அனுப்பிவிட்டு, மகளுடைய நீச்சல் போட்டிக்கு நேரமாகிறதே என்று கிளம்பிவிட்டேன். அவள் நான்காவதாக வந்தாள். தம்பி தூரத்தில் தனியாக நின்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினான்.

நிதானம் பார்த்து, 'இப்போ சரி' என்று ஏற்றுக்கொண்டது நேற்று மாலையே. நான் இன்று காலையில்தான் பார்த்தேன்.